படையலுக்குப் போட்டுக்கொண்டு போன சென்ட்

சென்ட் போட்டுக்கொள்கிறவனுக்குத் தன் வாசனை தெரியாது. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். அதற்குப் பிறகு அந்த வாசனையோடு குடித்தனம் நடத்துவது சுற்றியிருப்பவர்கள்தான். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என் கல்யாணம் இன்னும் கொஞ்சம் மரியாதையாக நிச்சயமாகியிருக்கும். (நிச்சயமே ஆகியிருக்காது என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொன்னதையும் எழுதிவிட்டேன், வீட்டில் நிம்மதி வேண்டும்.)

அப்போது எனக்கு வீடு மூலக்குளம், வேலை லாஸ்பேட்டை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஹால் டிக்கெட் அச்சடித்துக் கொடுக்கிற உத்தியோகம். அதே கல்லூரியின் நூலகத்தில் கௌரி இருந்தாள். வாசிக்கிற பழக்கமே இல்லாத நான் ஒரு வருஷம் தினமும் நூலகத்துக்குப் போனேன் என்பதிலிருந்து மிச்சத்தை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

எங்களுடையது வில்லியனூர் பக்கம் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். கௌரி வீட்டார் கடலோரக் குப்பத்தில் படகு வைத்திருந்தவர்கள். எங்கள் வீட்டில் கத்திப் பார்த்தார்கள், சாப்பிடாமல் படுத்துப் பார்த்தார்கள், கடைசியில் பசி தாங்காமல் சம்மதித்துவிட்டார்கள். கௌரி வீட்டில் அப்படிச் சத்தமே இல்லை. அவள் அம்மா அஞ்சலையம்மாள், "அவுர கேட்டுச் சொல்றேன்" என்றதோடு சரி.

இதில் என்ன சிக்கல் என்றால், 'அவுரு' இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கௌரியின் அப்பா ஏழுமலை. ஆயுசு முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு, கடைசியில் வீட்டுக் கட்டிலில் நெஞ்சுவலி வந்து போனவர். அதனால் என்ன, அஞ்சலையம்மாள் அவரைக் கேட்காமல் எதையும் முடிவு செய்வதில்லை. (எங்கள் பக்கம் உயிரோடு இருக்கிற புருஷனையே யாரும் கேட்பதில்லை.) வருஷப் படையல் அன்று அவரிடம் கேட்பது, உத்தரவு கிடைத்தால் கல்யாணம், கிடைக்காவிட்டால் இல்லை என்று ஏற்பாடு. கௌரியும் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அம்மா வேண்டாம் என்றால் அவளும் வேண்டாம் என்பாள், ஓடிவருகிற வேலையெல்லாம் கிடையாது. அவளுடைய தாய்மாமன் கலியபெருமாளுக்கு மட்டும் யார் உத்தரவும் தேவைப்படவில்லை. நெத்திலி மீனுக்கும் காரப்பொடி மீனுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எங்கள் பெண்ணா என்று அவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். (நியாயமான தீர்ப்பு. எனக்கு இன்றைக்கும் தெரியாது.)

ஆக, செத்துப்போன ஒருவர் 'சரி' என்று சொன்னால்தான் எனக்குக் கல்யாணம். இந்த நிலைமையில் ஒரு சாதாரண மனிதன் கோயிலுக்குப் போவான். நான் சென்ட் போட்டுக்கொண்டேன்.

அதைக் கொண்டுவந்தவன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ழான். பெயர்தான் பிரெஞ்சு, ஆள் நெல்லித்தோப்பு. அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த புண்ணியத்தில் குடும்பமே பாரிசுக்குப் போய்விட்டது. அங்கே சென்ட் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. டிசம்பரில் விடுமுறைக்கு வருவான், வந்தால் சாக்லேட் கொண்டுவருவான். அந்த வருஷம், படையலுக்கு முதல் நாள், லேபிள் ஒட்டாத ஒரு குட்டி பாட்டிலோடு வந்து நின்றான்.

கடல் வாசனை என்றான். கடல் என்று பெயர் வைத்து உலகம் முழுக்க விற்பதெல்லாம் நீலக் கலர் சோப்பு வாசனையாம். இது நிஜக் கடலாம். கடற்பாசி, உப்பு, நனைந்த கயிறு, படகின் அடிக்கட்டை, அப்புறம் திமிங்கலம் கக்குகிற அம்பர் என்று அடுக்கினான். நான் பதறிவிட்டேன். அம்பர் வைத்திருந்த ஆசாமி கைது என்று பேப்பரில் அடிக்கடி பார்க்கிறவன் நான். இது செயற்கை அம்பர், போலீஸ் வராது என்று சமாதானப்படுத்தினான்.

அவனுடைய கஷ்டம் வேறு. கம்பெனியில் முகர்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஆகா அற்புதம் என்கிறார்களாம், ஒருவர்கூடப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம். "நல்லா இருக்குதா இல்லையான்னு நான் கேக்கல. ஒரு மனுசன் இத போட்டுக்கினு நாலு பேரு இருக்கற எடத்துக்குப் போவ முடியுமா? அத மட்டும் சொல்லு" என்றான். மணிக்கட்டில் ஒரே ஒரு அழுத்து, அதோடு ஒரு நாள் முழுக்க நடமாடிப் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு அழுத்தோடு நிற்கிற ஆளா நான்? அதோடு மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. கடல்காரர்கள் வீட்டுக்குக் கடல் வாசனையோடு போனால், 'அட, நம்ம புள்ள' என்று நினைக்க மாட்டார்களா? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற இந்தப் புத்தியை நான் அப்போது சாமர்த்தியம் என்று நம்பினேன். மணிக்கட்டு, கழுத்து, சட்டை, வேட்டி என்று மனசு நிறைகிறவரைக்கும் அடித்துக்கொண்டேன்.

வங்கக்கடலில் தாழ்வு நிலை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த நாள். காலையிலேயே வானம் கறுத்துக் கிடந்தது. ஸ்கூட்டரில் கிளம்பியபோது எலுமிச்சைத் தோலும் உப்புக் காற்றும் கலந்த மாதிரி ஒரு சுகமான வாசனை. பரவாயில்லையே, வெள்ளைக்காரனுக்கு ரசிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நெல்லித்தோப்பு சிக்னலில் அது மாறியது. எலுமிச்சையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஈரக் கயிறு வந்திருந்தது. பக்கத்து வண்டியில் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அது பரவாயில்லை. அடுத்து என் பின்சீட்டைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டுகிற இடத்திலிருந்து நகர்கிறவளைப் போல் காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் யாருமில்லை. சிக்னல் விழுந்து வண்டியை எடுத்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. வண்டி ஓடும்போது வாசனை பின்னால்தானே போக வேண்டும்? இது என் முதுகுப் பக்கமிருந்து முன்னால் வந்துகொண்டிருந்தது. ஒரு கையை விட்டுப் பின்சீட்டைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அப்படியும் ஒரு ஈரமான ஆள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிற நினைப்பு போகவில்லை. மேட்டில் ஏறும்போது வண்டி வேறு இழுக்க மறுத்தது. (சர்வீஸ் விட்டு நாளாகியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

படத்துக்குப் போட ஒரு ரோஜா மாலை வாங்கலாம் என்று பூக்கடையில் நிறுத்தினேன். கடைக்கார அம்மா என்னை ஒரு முறை முகர்ந்துவிட்டு, விலை சொல்வதற்கு முன்னால், "படத்துக்கா, ஆளுக்கா?" என்று கேட்டார். படத்துக்குத்தான் என்று சொன்னேன். அவர் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

குப்பத்தில் நுழைகிற முனையில் நாலைந்து நாய்கள் உண்டு. கௌரியைத் தெருமுனையில் விட்டுவிட்டுத் திரும்புகிற ஒவ்வொரு முறையும் என்னைத் துரத்தியவை. எங்கள் காதலை முதலில் எதிர்த்தவை அவைதான். அன்று ஒன்றுகூடக் குரைக்கவில்லை. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்து வண்டிக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்தன. கிழட்டு நாய் ஒன்று வாலை ஆட்டிற்று. அது என்னைப் பார்த்து ஆட்டவில்லை.

வாசலுக்குச் சிரித்துக்கொண்டே வந்த கௌரி, இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். சிரிப்பு போய்விட்டது.

"இன்னா போட்டுக்கினு வந்த நீ?" என்றாள் மெதுவாக.

ழான் கொடுத்த சென்ட் என்றேன். அவ்வளவு நாறுகிறதா என்றும் கேட்டேன்.

"நாறல. எங்கப்பா கடல்லேர்ந்து வந்து நிக்கற மாதிரி இருக்குது. அம்மா பாக்கறதுக்குள்ள போயி கழுவு, போ."

அவளை யாரோ பக்கத்து வீட்டிலிருந்து தயிர் வாங்கிவரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போனாள், நான் மாலையை வாசலில் வைத்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினேன். அந்த வீட்டில் ஒரே ஒரு பெரிய ஹால், அதன் கோடியில் குளியலறை. ஹாலில் கூட்டமாக நின்றவர்கள் படத்துக்குப் பொட்டு வைக்கிற மும்முரத்தில் என்னைக் கவனிக்கவில்லை. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு சோப்பை எடுத்துத் தேய்த்தேன். சோப்பு வாசனைதான் போயிற்று, கடல் போகவில்லை. தண்ணீர் பட்டதும் அதற்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது. கயிறுக்குப் பின்னால் டீசல், டீசலுக்குப் பின்னால் பாசி, அதற்கும் பின்னால் ஆழத்திலிருந்து எதையோ இழுத்துக் கரையில் போட்ட மாதிரி ஒரு குளிர்ந்த வாடை. செங்கல்லால் தேய்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

வெளியே மணி அடித்தது. கற்பூர வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. கலியபெருமாள் மாமா எல்லாரையும் ஏதோ அதட்டுகிறார், நிறையக் கால்கள் நகர்கின்றன. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. தாழைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

ஹாலில் ஒருவரும் இல்லை. தெருக்கதவு சாத்தியிருந்தது.

எங்கள் பக்கமும் இந்த வழக்கம் உண்டு என்பதால் நடந்தது உடனே புரிந்துவிட்டது. இலையில் படைத்து, கற்பூரம் காட்டியதும் எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இறந்தவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுப் போக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வெளியிலிருந்து கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள், திடீரென்று நுழைந்து அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. அந்த நேரத்தில் வீட்டுக்குள் உயிரோடு ஒருத்தரும் இருக்கக் கூடாது. நான் இருந்தேன். கதவைத் தட்டிக் கூப்பிடலாம் என்று இரண்டடி வைத்தவன் அப்படியே நின்றேன். வெளியிலிருந்து தட்டுவதற்குத்தான் வழக்கம் இருக்கிறது. உள்ளேயிருந்து தட்டினால் வெளியே எத்தனை பேருக்கு நெஞ்சுவலி வரும்?

பின்வாசல் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். இருந்தது, பூட்டியிருந்தது. மழைக்காற்றுக்காக ஜன்னலையெல்லாம் அடைத்திருந்தார்கள். உச்சிவேளை, ஆனால் ஹால் மங்கலாகக் கிடந்தது. குத்துவிளக்கும், படத்தைச் சுற்றிய சீரியல் பல்பும்தான் வெளிச்சம். இலையில் வஞ்சிர மீன் வறுவல், சுறாப் புட்டு, நண்டு, கருவாட்டுக் குழம்பு. பக்கத்தில் ஒரு குவார்ட்டர், ஒரு கட்டு பீடி, தீப்பெட்டி. குளியலறையிலிருந்து இலைவரைக்கும் சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடம் வந்திருந்தது. என்னுடையதுதான் என்று புரிவதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

படத்தில் ஏழுமலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த மீசை, சிரிக்காத முகம். என்னைப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். கொஞ்சம் நகர்ந்து பார்த்தபோது எனக்குப் பின்னால் யாரையோ பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டேன், பின்னால் இடமே இல்லாமல் செய்துவிடலாம் என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஹாலில் இருந்த வாசனை என்னுடையதைவிடப் பெரியதாக இருந்தது. நான் எவ்வளவு அடித்திருந்தாலும் அவ்வளவு அடித்திருக்க முடியாது. கடல் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. எனக்குத் தும்மல் வந்தது. அடக்கினேன், இன்னும் பலமாக வந்தது.

வெளியே பேச்சு சட்டென்று நின்றது. யாரோ கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது.

"வந்துட்டீங்களா?" என்றது அஞ்சலையம்மாளின் குரல்.

அது பயந்த குரலாக இல்லை. விடியற்காலையில் கரைக்கு வந்து படகைப் பார்த்துவிட்டவளின் குரலாக இருந்தது. கதவில் வாயை வைத்து மெதுவாகப் பேசினார். படகை விற்கவில்லை, வலையை மட்டும் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன் என்றார். முட்டிவலி கொஞ்சம் தேவலாம் என்றார். ராத்திரியில் கதவுச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்றார். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு. கேட்கக் கூடாத இடத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கேட்டார். "நம்ம கௌரி ஒரு புள்ளைய பாத்து வச்சிருக்குது. மூலக்குளம், கழனிக்காரங்க. நல்ல புள்ளதான், கொஞ்சம் அசமந்தம். குடுக்கலாமா வேணாமா? நீங்க சொல்லுங்க."

(அசமந்தம் என்றதற்கு அந்த நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது.)

வாசகர்களே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு 'ம்' போதும். என் கல்யாணத்துக்கு நானே உத்தரவு கொடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வாய்ப்பு உலகத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் கிடைத்திருக்காது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாயையும் திறந்துவிட்டேன். ஆனால் அந்த அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. இவருக்குப் போய் ஹால் டிக்கெட் அடிக்கிறவன் பதில் சொல்வதா? வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணம் நடக்காவிட்டால் போகட்டும் என்று இரண்டு கையாலும் என் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டேன்.

"ம்" என்று கேட்டது.

கட்டையான குரல். பீடிக் கமறல் உள்ள குரல். ரொம்பப் பக்கத்தில் கேட்டது. நான் இல்லை. என் வாய்தான் பொத்தியிருந்ததே. (வாயைப் பொத்தினாலும் 'ம்' வரும், அது மூக்கு வழியாக வருவது என்று கௌரி பிற்பாடு விளக்கினாள். தனியாக இருக்கும்போது செய்து பார்த்தேன். வருகிறது.)

கதவு தட்டப்பட்டது, திறந்தது. முதலில் நுழைந்த கலியபெருமாள் மாமா வாசனை தாக்கி ஒரு படி பின்னால் இறங்கினார். அடுத்து ஈரக் கால்தடத்தைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடப் போனார். கடைசியில் சுவரோடு சுவராக வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. குவார்ட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என் வாயை முகர்ந்தார். இரண்டிலும் ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில், "அக்கா, இவன்தான் உள்ள பூந்துக்கினு ம்முன்னு சொல்லிருக்கான்" என்று கத்தினார்.

"நான் சொல்லலைங்க" என்றேன். "சென்ட்டு மட்டும்தான் என்னுது. பாத்ரூம்ல இருந்தேன், கதவ சாத்திட்டீங்க."

அஞ்சலையம்மாள் என்னிடம் வந்தார். என் சட்டைக் காலரை இரண்டு விரலால் பிடித்து மூக்கருகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

"சென்ட்டு" என்றேன் மறுபடியும், அவரை ஏமாற்றக் கூடாதே என்று.

"இருக்கட்டும்" என்றார். தம்பியின் பக்கம் திரும்பினார். "எல்லாரையும் வெளிய அனுப்பிச்சிட்டு இந்தப் புள்ளைய மட்டும் உள்ள நிறுத்திக்கினாரு பாரு. இதுக்கு மேல இன்னா கேள்வி?"

"அந்த 'ம்'மு இவன் சொன்னது, அக்கா."

"எம் புருசன் கொரலு எனக்குத் தெரியாதா?" என்றார் அஞ்சலையம்மாள். என்னிடம், "ஒக்காரு தம்பி, சாப்புடு" என்றார். தயிர்ச் சொம்போடு வாசலில் நின்ற கௌரி அப்போதுதான் மூச்சை விட்டாள்.

மறுநாள் ழானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன், அப்படியானால் கம்பெனிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதுவதா, கூடாது என்று எழுதுவதா என்று கேட்டான். போட்டுக்கொள்ளலாம், ஆனால் போட்டுக்கொண்டவன் தனியாகப் போக முடியாது, கூட ஒருத்தர் வருவார் என்று எழுதச் சொன்னேன். பிரெஞ்சில் அதை எப்படி எழுதினானோ, அந்த சென்ட் இதுவரை கடைக்கு வரவில்லை. மிச்சம் இருந்த பாட்டிலை, எனக்கு அத்தையாகிவிட்ட அஞ்சலையம்மாள் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பீரோவில் மாமனாரின் சட்டைகளுக்கு நடுவே இருக்கிறது.

கல்யாணம் ஆகிச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. கலியபெருமாள் மாமா இப்போது என்னை ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனாலும் படையல் அன்று என் கையைப் பிடித்து வெளியே இழுத்து நிறுத்திக்கொண்ட பிறகுதான் கதவைச் சாத்துகிறார். அதுகூடப் பரவாயில்லை. அந்த வீட்டில் என் 'ம்'முக்கு மதிப்பே இல்லாமல் போனதுதான் பெரிய இழப்பு.

போன வாரம்கூட நடந்தது. மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று பேச்சு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதிலேயே போட்டுவிடலாமா என்று கௌரி கேட்டாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன்.

"சொன்னது நீயா, எங்கப்பாவா?" என்றாள் அவள்.

வீடே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. இந்தப் பேச்சுக்கு அவர் ஒருபோதும் சிரிப்பதில்லை. மீன் ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி, என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நான்தான் அத்த" என்றேன்.

"அப்படியா" என்றார். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் குனிந்து அடுத்த மீனை எடுத்தார். "அப்பிடின்னா, இன்னொரு தடவ யோசிச்சுக்கலாம்."